வெள்ளைக் கல்லும் பழுப்புப் பவளமும்

அம்பாசமுத்திரத்துக்கு அருகே தாமிரபரணிக் கரையில் வளர்ந்த எனக்குக் கடல் என்றால் திருச்செந்தூர்தான். முடியிறக்கவோ நேர்ச்சை செலுத்தவோ ஆண்டுக்கு ஒருமுறை போய், கணுக்கால் நனைய நின்றுவிட்டுத் திரும்புவதோடு அந்த உறவு முடிந்துவிடும். நீச்சலைக்கூட ஆற்றில்தான் கற்றேன். விலங்கியல் படித்தபோது பவளத்தோடு எனக்கிருந்த அறிமுகம், கல்லூரி அருங்காட்சியக அலமாரியில் இருந்த, மான்கொம்பு போலக் கிளைத்த ஒரு வெள்ளைத் துண்டு மட்டுமே. செய்முறைத் தேர்வில் அதை மேசையில் வைப்பார்கள். பெயரையும் தொகுதியையும் எழுதினால் முழு மதிப்பெண். நானும் வாங்கினேன். அந்த மதிப்பெண் எவ்வளவு பெரிய தவறான பாடத்தை எனக்குள் விதைத்திருந்தது என்பது 2015இல், தூத்துக்குடியில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உண்டு. 1986இல் அவற்றைச் சுற்றிய கடற்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பவளப்பாறைகள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே இருப்பதால், பெருங்கடல் ஆராய்ச்சி என்ற சொல் எழுப்பும் பிரமாண்டம் எதுவும் எங்கள் வேலையில் இல்லை. 20 மீட்டர் அளவு நாடாவைப் பாறைமேல் விரித்து, அதன் கீழே எந்த சென்டிமீட்டரிலிருந்து எந்த சென்டிமீட்டர்வரை உயிருள்ள பவளம், எங்கே இறந்த பவளம், எங்கே பாசி, எங்கே மணல் என்று நெகிழிப் பலகையில் பென்சிலால் குறித்துக்கொண்டே மிதக்க வேண்டும். அலை தூக்கும், நீவாடு என்னும் நீரோட்டம் இழுக்கும், பென்சில் கைநழுவும். ஆற்றில் கற்ற நீச்சல் பாதிதான் உதவியது.

முதல் நாள் நான் கண்டது பழுப்பும் மங்கிய பச்சையுமான உருண்டைக் கற்கள். எங்கள் ஊர்ப் படித்துறையில் பாசி பிடித்த பாறைகளைப் போலவே இருந்தன. இடையிடையே ஒன்றிரண்டு வெண்திட்டுகள் தெரிந்தன. அலமாரித் துண்டை நினைவில் வைத்திருந்த நான் வெள்ளையை உயிருள்ளது என்றும் பழுப்பில் பெரும்பகுதியை இறந்தது என்றும் மிகுந்த கவனத்தோடு எழுதினேன்.

வள்ளத்தில் ஏறிய பிறகு, பலகையில் இருந்ததை நான் வாசிக்க, உடன் பணியாற்றுபவர் குறிப்பேட்டில் ஏற்றினார். சுக்கான் பக்கம் உட்கார்ந்திருந்த அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா, உசிரோட கிடக்கதை எதுக்குச் செத்ததுன்னு எழுதுத?" என்றார். இளம் வயதில் அவர், பார் என்று மீனவர்கள் சொல்லும் இதே பவளப்பாறைகளில் பவளக்கல் வெட்டி வள்ளத்தில் ஏற்றியவர். சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் அந்தக் கற்கள் போன காலம் அது. "உசிருள்ள கல்லைத் தொட்டா வழுவழுன்னு சளி கையில ஒட்டும். செத்ததுல ஒட்டாது" என்றார். எந்தப் பாடநூலிலும் வாசிக்காத இந்த அடையாளம், அழிக்கும் தொழிலில் இருந்த ஒருவரின் உள்ளங்கை வழியாக எனக்கு வந்து சேர்ந்தது என்பதை இன்றுவரை என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை.

பவளம் என்பது பாலிப்பு என்னும் மிகச்சிறு விலங்குகள் சேர்ந்து வாழும் கூட்டம். அவற்றின் ஒளி ஊடுருவும் சதைக்குள் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளிச்சேர்க்கையால் உண்டாக்கும் உணவில் பெரும்பங்கைப் பாலிப்புக்குத் தருபவையும், அந்தப் பழுப்பு நிறத்துக்குக் காரணமானவையும் அவையே. நான் அலமாரியில் பார்த்தது உயிர்போய்ச் சதை நீங்கிய சுண்ணாம்பு எலும்புக்கூடு. வழிகாட்டிப் பேராசிரியர் திட்டவில்லை. அன்று நாடா விரித்து அளந்த மூன்று கோடுகளையும் மறுபடி அளக்கச் சொன்னார். ஐயமிருந்தால் கேள்விக்குறி போடலாம், ஊகத்தை மட்டும் எழுதக் கூடாது என்றார்.

பழுப்பு உயிர், வெள்ளை சாவு என்று மாற்றி மனப்பாடம் செய்துகொண்டேன். அடுத்த ஆண்டுக் கோடை அதையும் தவறாக்கியது. 2016இல் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறியபோது பாலிப்புகள் தம் நுண்பாசிகளை வெளியேற்ற, பாறைகள் வெளிறின. இந்த வெள்ளை சாவல்ல. கண்ணாடிபோன்ற சதை மேலே இருக்கிறது. அதன் வழியே எலும்புக்கூடு தெரிகிறது. சூடு விரைவில் தணிந்தால் பாசிகள் திரும்பக்கூடும். நீடித்தால் பவளம் பட்டினியால் மடிந்து, வேறு பாசி அதன்மேல் படரும். முகத்தை அருகே கொண்டுபோய்ச் சதை இருக்கிறதா என்று பார்த்த பிறகே எழுத முடியும். அடையாளமிட்ட கூட்டங்களை மாதந்தோறும் போய்ப் பார்த்தோம். சில மீண்டன, சில மீளவில்லை. வெளிறிய படத்தைப் பார்த்த உடனே 'அழிந்தது' என்று எழுதும் அவசரத்தின்மேல் எனக்கு அன்று தொடங்கிய எரிச்சல் இன்னும் தீரவில்லை.

2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. ஆனாலும் வெட்டியதன் விளைவு நிற்கவில்லை. அலையை உடைக்கும் பார் குறைந்ததால் அந்த 21 தீவுகளில் ஒன்றான வான் தீவு கரைந்து சுருங்கியது. அதைக் காக்கக் கடலுக்குள் சிமெண்ட் கட்டமைப்புகளை இறக்க வேண்டியதாயிற்று. இதை அண்ணாச்சியிடம் சொல்லிக்காட்டும் துணிவு எனக்கு வந்ததில்லை. அவர் கல் ஏற்றியது கூலிக்கு. அந்தச் சுண்ணாம்பு பூசிய சுவர்களுக்குள் வாழ்ந்தவர்கள் வேறு யாரோ.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. என் தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே சேற்றோடு கடலில் கலந்தது. பவளத்துக்குத் தெளிந்த நீர் வேண்டும். வண்டல் படிந்தால் ஒளி குறையும், பாலிப்பு மூச்சுத் திணறும். கடல் அமைதியான பிறகு பழைய இடத்தில் நாடாவை விரித்தேன். ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டரே வளரும் போரைட்டஸ் என்னும் ஓர் உருண்டைப் பவளத்தின்மேல் மெல்லிய சேறு படிந்திருந்தது. தொடாமல், கையால் நீரை விசிறினேன். சேறு விலகிய இடத்தில் பழுப்பு தெரிந்தது. ஓரத்தில் எட்டு சென்டிமீட்டர் மட்டும் வெள்ளை. சதை இருக்கிறதா என்று அந்தக் கலங்கலில் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே வந்தேன்.