பேசாமல் இருந்தால் பிடித்திருக்கிறது

பாட்டி பாடியதையெல்லாம் போனில் பதிந்து வைத்திருந்தேன். லேப்டாப்புக்கு மாற்றியபோது ஒரே ஃபோல்டரில் 214 ஃபைல். பாதிக்குப் பாதி இருமலும் கோழி விரட்டலும்தான். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே வயசான ஆள் அவர். கண்டித் தோட்டத்தில் கற்ற தாலாட்டும் தெம்மாங்கும் அவரோடு போய்விட்டன. கூடலூரில் இருக்கும் அத்தை, "பாட்டு மட்டும் பென் டிரைவில் போட்டுக் குடுப்பா" என்று கேட்டார். மறுநாள் காலை பஸ்ஸுக்குச் சித்தப்பா மகன் அந்தப் பக்கம் கிளம்புகிறான், கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

எனக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதைப் பேசிச் சொல்லும் என்விடிஏ என்ற மென்பொருளை வைத்துதான் கம்ப்யூட்டர். இலவசமாகக் கிடைப்பது, ஆஸ்திரேலியாவில் 2006-ல் தொடங்கியது. இத்தனை வருஷம் புழங்கியும் ஃபைல்களை ஒவ்வொன்றாகவே காப்பி செய்து பழகிவிட்டேன். அடுத்தடுத்து இருந்தால் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு கீழ் அம்பை அழுத்தினால் போதும், மொத்தமும் வேண்டுமென்றால் கண்ட்ரோல் ஏ. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால்? பார்வையுள்ளவர்களைக் கேட்டால் "கண்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு க்ளிக் பண்ணு" என்பார்கள். எதை க்ளிக் பண்ணுவது!

குன்னூரில் இருக்கும் ஓர் அண்ணன், அவருக்கும் பார்வை இல்லை, போனில் சொல்லிக்கொடுத்தார். கண்ட்ரோலை விடாமல் அம்பை அழுத்தினால் ஃபோகஸ், அதாவது நாம் நிற்கும் இடம், மட்டும் நகரும், ஏற்கெனவே பிடித்தது, அதாவது செலக்ட் செய்தது, அப்படியே இருக்கும். வேண்டிய ஃபைல் வந்ததும் கண்ட்ரோலோடு ஸ்பேஸ் பார். பிடித்ததை விடவும் அதே கட்டளைதான். "நகரும்போது பேரோட நாட் செலக்டட்னு சொன்னா பிடிக்கல. பேரை மட்டும் சொல்லிட்டு பேசாம இருந்தா பிடிச்சிருக்கு தம்பி" என்றார். இதுதான் எனக்குப் புதிது. அதுவரை அந்த நாட் செலக்டட் ஏதோ கோளாறு என்றே நினைத்திருந்தேன். கண்ட்ரோலைத் தொட்டாலே என்விடிஏ பேச்சை நிறுத்திவிடும் என்பதால், ஃபைல் பெயரைக் கேட்டு முடிப்பதற்குள் அவசரப்பட்டு மறுபடி அழுத்தி, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் முழித்த நேரமும் உண்டு.

இன்னொரு சிக்கல். பிடித்துக்கொண்டே போகும்போது நடுவில் கேட்டுப் பார்க்க முடியாது, ஏனென்றால் என்டர் தட்டினால் பிடித்த அத்தனையும் திறக்கப் பார்க்கும். அதனால் முதலில் ஒவ்வொன்றாகக் கேட்டு, பாட்டு எது என்று பிரெயில் ஸ்லேட்டில் எண்ணைக் குத்தி வைத்துக்கொண்டேன். 23 வந்தது. ஃபைல் பெயரில் இருக்கும் எண்ணும், என்விடிஏ சொல்லும் "37 ஆஃப் 214"-உம் ஒன்றல்ல, நடுவில் சிலவற்றை முன்பே அழித்திருந்தேன். அதைக் கவனிக்காமல் முதல் நாலைந்தைத் தப்பாகப் பிடித்து மறுபடி விட்டேன்.

இரவு பத்து மணிக்கு மேல், வெளியே மழை, சால்வைக்குள் இருந்தும் விரல் மரத்துப்போன குளிர். பதினெட்டு பாட்டைப் பிடித்துவிட்டேன். அப்போது ஒரு தும்மல். கை கண்ட்ரோலை விட்டது, அடுத்து வெறும் கீழ் அம்பை அழுத்தினேன். என்விடிஏ பெயரை மட்டும் சொன்னது, அதுவும் அமைதியாக. நான் ஒன்றும் உணரவில்லை, மீதி ஐந்தையும் கண்ட்ரோலோடு பிடித்து முடித்தேன். நல்ல வேளை, ஆல்ட் என்டர் அடித்துப் பார்த்தேன், எத்தனை ஃபைல் பிடித்திருக்கிறோம் என்று அந்தப் பெட்டி சொல்லும். ஆறு ஃபைல் என்றது. வெறும் அம்பை அழுத்தியதுமே முந்தைய பதினெட்டும் போய், விரல் வந்து நின்ற ஃபைல் தானாகவே பிடிபட்டிருந்தது. பாதியில் ஒரு ஃபைலுக்குத் தாவலாம் என்று முதல் எழுத்தைத் தட்டினாலும் இதே கதிதான், அதை அன்றிரவே பிறகு இன்னொரு தடவை பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மறுபடி 23-ஐயும் ஒரே மூச்சில் பிடிக்கத் தெம்பில்லை. கண்ட்ரோல் ஷிஃப்ட் என் அடித்துப் பாட்டுக்குத் தனி ஃபோல்டர் போட்டு, அதை இன்னொரு விண்டோவில் திறந்து வைத்தேன். எட்டு எட்டாகப் பிடித்து, கண்ட்ரோல் சி, அங்கே போய் கண்ட்ரோல் வி. ஒவ்வொரு தடவையும் ஒட்டுவதற்கு முன் ஆல்ட் என்டரில் எண்ணிக்கை. கொஞ்சம் மெதுவான வேலைதான், ஆனால் தும்மினால் எட்டு மட்டுமே போகும். என்னைக் கேட்டால், பத்துக்கு மேல் என்றாலே இப்படிப் பிரித்துச் செய்வதுதான் சரி.

திரும்பி வந்து அடுத்த எட்டைத் தொடங்கும்போது பழைய எட்டும் பிடித்தபடியேதான் இருக்கும். அதைக் கலைக்க ஒரு தடவை வெறும் அம்பு அழுத்த வேண்டும், அழுத்தினால் அந்த ஃபைல் பிடிபடும், அதையும் கண்ட்ரோல் ஸ்பேஸால் விட வேண்டும். கடைசி ஏழின்போது அந்த ஒரு ஃபைலை விட மறந்துவிட்டேன், தூக்கக் கலக்கத்தில் எண்ணவும் இல்லை.

பென் டிரைவில் போட்ட பிறகு பார்த்தால் 24. எது கூடுதல் என்று திறந்து கேட்டேன். கொழுந்துக்கு விலை குறைத்துச் சொல்லிவிட்டுப் போன ஆளைப் பாட்டி வைது தீர்க்கிறார், இரண்டு நிமிஷம், நடுவில் ஒரு பஸ் ஹாரன். அதை அழிக்கக் கை போகவில்லை. அப்படியே தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.