கடைசி கோலை அடித்தது யார்?

ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே முதல் கால் என் மேசைக்கு வந்துவிடும். வீரர் காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தை நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார். முழங்காலுக்குக் கீழே முடி மழித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணுக்கால் சுளுக்காமல் இருக்க ஒட்டிக் கட்டும் பட்டையை உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். 38 மில்லிமீட்டர் அகல வெள்ளைப் பட்டையால் கெண்டைச் சதைக்குக் கீழே முதல் சுற்று. அங்கிருந்து உள்பக்கமாக இறங்கி, குதிகாலுக்கு அடியில் புகுந்து, வெளிப்பக்கமாக மேலேறும் மூன்று பட்டைகள். பிறகு குதிகாலைப் பூட்டும் சுற்றுகள். எங்கேயாவது ஒரு மடிப்பு விழுந்துவிட்டால், ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் இரண்டாவது முடிவதற்குள் அந்த இடம் கொப்பளித்துவிடும். ஒரு காலுக்கு மூன்று நிமிடம். பதினொரு ஆண்டுகளாக மெல்பர்னில் இந்த வேலையைச் செய்கிறேன்.

ஊரிலிருந்து வந்த புதிதில் இந்த விளையாட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து என்று பெயர். இங்குள்ளவர்களுக்கு அது ஃபுட்டி. நீள்வட்டப் பந்து, கிரிக்கெட் ஆடும் அதே வட்ட மைதானம், பக்கத்துக்கு 18 பேர், இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒன்று. 1859இல் மெல்பர்னில் விதிகள் எழுதப்பட்ட ஆட்டம். அடுத்தவர் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பிப் பந்தைப் பிடிக்கலாம். தலைக்கவசம் கிடையாது. பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்களைப் போன்ற உதவியாளர்கள் மருத்துவப் பையோடு உள்ளே ஓடலாம். அந்த ஓட்டம் எனக்குப் பிடித்துப்போய்த்தான் இந்த வேலையிலேயே தங்கிவிட்டேன்.

நான் இருப்பது பெரிய அணி ஒன்றின் இரண்டாம் அணியில். முதன்மைப் போட்டியில் இடம் கிடைக்காத ஒப்பந்த வீரர்கள் அந்த வாரம் இங்கே ஆடுவார்கள். பக்கத்து மேசையில் கால் நீட்டியிருப்பவர் வார நாட்களில் குழாய் வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை வருபவராக இருப்பார். இருவருக்கும் ஒரே பட்டைதான், ஒரே சேறுதான். ஆனால் ஒருவருக்கு இதுதான் சோறு. அவர் முகத்தில் அது தெரியும்.

நவம்பரில் டிராஃப்ட் நடக்கும். அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி அது. பள்ளிப் படிப்பு முடிகிற வயதுப் பையனின் பெயரைத் தொலைக்காட்சியில் வாசிப்பார்கள். வீடு முழுக்கக் கூச்சல், கண்ணீர். பிரென்ட் ஹார்வி 1996 தொடங்கி 2016 வரை 432 ஆட்டங்கள் ஆடியதை எல்லோரும் சொல்வார்கள். ஏழு ஆட்டம் ஆடி வீட்டுக்குப் போனவர்களை நான்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்கள் திறமையில் குறைந்தவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்களுடைய முழங்காலையும் பின்தொடையையும் தொட்டுப் பார்த்தவன் நான்.

2014 டிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பெயர் பேடி மெக்கார்ட்டின். மூன்றாவது பெயர் ஆங்கஸ் பிரேஷா. மெக்கார்ட்டின் தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டு, ஒரு முறை ஆட்டத்தை விட்டே போய், சிட்னி அணியில் மீண்டு வந்து, 2022 இறுதிப் போட்டிவரை ஆடி, மறுபடியும் அடிபட்டு 2023இல் ஓய்வு பெற்றார். பிரேஷா 2021இல் கோப்பை வென்றவர். 2023 செப்டம்பரில் ஒரு மோதலில் நினைவிழந்து விழுந்தார். மருத்துவக் குழுவின் ஆலோசனைப்படி அடுத்த பிப்ரவரியில் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 28. ஒரே இரவில் வாசிக்கப்பட்ட முதல் மூன்று பெயர்களில் இரண்டு இப்படி முடிந்தன. முழங்கால் கிழிந்தால் தைத்து, ஓராண்டு உழைத்துத் திரும்பி வருகிறார்கள். தலைக்கு அந்த வழி இல்லை.

நான் சொல்ல வந்தது ஓர் ஆகஸ்ட் மாத ஆட்டத்தைப் பற்றி. அந்தப் பையனுக்கு இருபது வயது. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கடைசி சில வாரங்கள். முதன்மை அணியில் ஒருவர் காயமடைந்திருந்ததால் அடுத்த வாரம் இவன் பெயர் வரக்கூடும் என்று பேச்சு இருந்தது. அன்று அவன் ஆடிய ஆட்டமும் அதற்கேற்றபடியே இருந்தது. மூன்றாம் கால்பகுதியில் எல்லைக் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து, உடம்பை வளைத்து, நாற்பது மீட்டர் தூரத்துக்கு ஓர் உதை. பந்து நடுவில் போனது. நான் கையிலிருந்த புட்டியோடு குதித்தேன்.

இரண்டு நிமிடம் கழித்து, தரையில் கிடந்த பந்துக்காகக் குனிந்தவனின் காதுக்கு மேலே இன்னொருவரின் இடுப்பு மோதியது. ஓடிப் போனேன். எழுந்து நின்றுவிட்டான். கண் என்னைப் பார்த்தது. ஆனால் என்மேல் நிலைக்கவில்லை. என் சட்டையைப் பிடித்து மெதுவாகச் சொன்னான்: “கணுக்கால் என்று சொல்லுங்கள். தயவுசெய்து, கணுக்கால் என்று சொல்லுங்கள்.”

காலையில் நான் கட்டிவிட்ட கணுக்கால். அதில் ஒன்றும் இல்லை.

அவனைத் தாங்கிக்கொண்டு ஓரத்துக்கு வருவதற்குள் அறுபது அடி எடுத்து வைத்திருப்போம். அந்த அறுபது அடியும் அவன் தந்தை ஒவ்வொரு வாரமும் நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்து வேலியோரம் நிற்பதை நினைத்துக்கொண்டே நடந்தேன். பாலி ஃபார்மரையும் நினைத்தேன். இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவரான அவருடைய மூளையில், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புள்ள சி.டி.ஈ. என்ற சிதைவு நோய் இருந்தது அவர் இறந்த பிறகுதான் உறுதியானது. மருத்துவரிடம், “தலை” என்றேன். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் பையன் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

‘மாடக்ஸ் கேள்விகள்’ என்று பெயருள்ள கேள்விகளை மருத்துவர் கேட்டார். இந்த நகரத்தின் ஃபுட்டி வீரர்களை வைத்தே சோதித்து உருவாக்கிய ஐந்து எளிய கேள்விகள் அவை. நாம் இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? சரியாகச் சொன்னான். இது முதல் பாதியா, இரண்டாவதா? சொன்னான். போன வாரம் யாரோடு ஆடினோம், ஜெயித்தோமா? அதையும் சொன்னான். இவற்றுக்கெல்லாம் முன்கூட்டியே பதிலைத் தயார் செய்துகொள்பவர்கள் உண்டு. தயார் செய்ய முடியாதது இன்னொன்று: கடைசி கோலை அடித்தது யார்?

வேறொருவர் பெயரைச் சொன்னான்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டவர் குறைந்தது 12 நாள் கழித்துத்தான் முதன்மைப் போட்டிக்குத் திரும்பலாம் என்பது 2021இலிருந்து விதி. அடுத்த சனிக்கிழமை வேறு பையனின் பெயர் வந்தது. இவனுக்குத் தலைவலி மூன்று வாரம் நீடித்தது. அதற்குள் எங்கள் பருவமும் முடிந்துவிட்டது. வருட இறுதிச் சந்திப்பில் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பத்து நிமிடத்துக்குள் வெளியே வந்துவிட்டான். அந்த ஒரு ஆட்டம் கிடைத்திருந்தால் தங்கியிருப்பானா? அதை நினைத்துப் பல இரவு விழித்துக் கிடந்திருக்கிறேன். மறுபடி அதே அறுபது அடி நடக்க நேர்ந்தாலும் “தலை” என்றுதான் சொல்வேன். அது தெரிந்தும் தூக்கம் வரவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் அலமாரியைக் காலி செய்ய வந்தான். கறுப்புக் குப்பைப் பையில் காலணிகள், இரண்டு துண்டு, ஒரு பழைய வாய்க்கவசம். எல்லோரிடமும் கை குலுக்கினான். என் மேசைக்கு வந்து, அதன் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தான். நான் பட்டைச் சுருள்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“அந்த கோலை நேற்று வீடியோவில் பார்த்தேன்” என்றான். “நல்ல கோல். அடித்தது மட்டும் இன்னும் நினைவுக்கு வரவில்லை.”

“நான் பார்த்தேன்” என்றேன். அது எப்படிப் போனது என்று கேட்டான். எல்லைக் கோட்டிலிருந்து தொடங்கிச் சொன்னேன்.