சராசரி மறைத்த பிளவு

வாடிக்கையாளர் புகார்களைப் பதியும் மென்பொருளை எங்கள் அலுவலகத்தில் மாற்ற வேண்டியிருந்தது. தேர்வுக்கு மூன்று, முடிவெடுக்க 6 பேர். நான்கு மீட்டிங் போட்டும் காரியம் நகரவில்லை. மூத்தவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், வெளியே வந்ததும் முணுமுணுப்பார்கள். அதனால்தான் முடிவெடுக்க உதவும் மென்பொருள் ஒன்றை முயன்று பார்ப்போம் என்றேன்.

அது தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய ஏஎச்பி (Analytic Hierarchy Process) என்ற, ஒப்பிட்டு எடைபோடும் முறையில் இயங்குவது. செலவு, எளிமை, பாதுகாப்பு போன்ற அளவுகோல்களை இரண்டிரண்டாக எடுத்து, எது எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 9 வரை மதிப்பிட வேண்டும். ஆறு அளவுகோல் என்றால் 15 ஒப்பீடுகள். அவரவர் இருக்கையிலிருந்து, பெயர் தெரியாமல் பதிந்தோம். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கூடி உட்கார்ந்து பதிந்திருந்தால் மறுபடியும் தலையாட்டல்தான்.

என் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்று காட்டும் முரண் விகிதம் 0.24 என்று வந்தது. 0.10க்குள் இருக்க வேண்டும். செலவைவிட எளிமை முக்கியம், எளிமையைவிடப் பாதுகாப்பு முக்கியம் என்று சொன்ன நான், பாதுகாப்பைவிடச் செலவு முக்கியம் என்றும் போட்டிருந்தேன். எண்ணை மட்டும் திருத்தினால் விகிதம் சரியாகிவிடும், ஆனால் அது பொய். யோசித்ததில், முதல் ஆண்டுச் செலவையும் தொடர் செலவையும் குழப்பியிருந்தது புரிந்தது.

குழுவின் மதிப்பீடுகளை மென்பொருள் பெருக்குச் சராசரியாக, அதாவது ஆறு எண்களையும் பெருக்கி ஆறாம் மூலம் எடுத்து, சேர்க்கிறது. செலவுக்கும் பாதுகாப்புக்கும் இடையே 1, அதாவது இரண்டும் சமம் என்று வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. தனி மதிப்பீடுகளைத் திறந்தால், மூவர் பாதுகாப்பின் பக்கம் 5, மூவர் செலவின் பக்கம் 5 (கணக்கில் இது 1/5). சமம் என்று நினைத்தவர் ஒருவர்கூட இல்லை! அன்று ஒன்றரை மணி நேரம் இதை மட்டுமே பேசினோம். பாதுகாப்பு என்றால் மூவருக்கு வாடிக்கையாளர் விவரம் கசியாமல் இருப்பது, மற்றவர்களுக்கோ ஏற்கெனவே எடுத்துவரும் பேக்கப். கசிவைப் பற்றிக் கேட்டதும் இருவர் தங்கள் மதிப்பீட்டை மாற்றினார்கள்.

கடைசியில் எடைகளை, அதாவது மொத்தத்தில் ஒவ்வொரு அளவுகோலுக்கும் கிடைத்த பங்கை, வரைபடத்தில் நகர்த்திப் பார்த்தோம். செலவின் எடையை 22 சதவீதத்திலிருந்து 40 வரை ஏற்றியும் முதலிடம் மாறவில்லை. அதற்கு மேல்தான் மலிவானது முந்தியது. ஏன் மலிவானதை எடுக்கவில்லை என்று மேலாளர் கேட்டபோது அந்த வரைபடத்தையே காட்டினோம்.

ஒருவர் மட்டும் இன்னும் ஒப்பவில்லை. பழைய பதிவுகளை மாற்றுவதில் சிக்கல் வரும் என்பது அவர் கவலை. அந்த வேலையை இப்போது அவரே முன்னின்று நடத்துகிறார்.