ஹெல்மெட், பூட்ஸ், சன்ஸ்கிரீன்

ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பிரிஸ்பேனில் கட்டுமானத் தள மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். சாரம் சரிவது, மின்சாரம் தாக்குவது ஆகியவற்றோடு வெயிலும் இங்கே ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரின் வலிமையைக் காட்டும் எண்ணுக்குப் புற ஊதாக் குறியீடு என்று பெயர்; காலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் அன்றைய குறியீட்டைச் சொல்வது என் பொறுப்பு. அது 3-ஐத் தொட்டால் முழுக்கைச் சட்டை, ஹெல்மெட்டைச் சுற்றி மாட்டும் அகல விளிம்பு, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன் களிம்பு எல்லாம் கட்டாயம். குயின்ஸ்லாந்தில் ஜூலைக் குளிரிலும் நண்பகலில் 3-ஐத் தாண்டிவிடும். சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு என்று புதியவர்களுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு. மேகம் மூடிய நாளில் களிம்பை மறந்து, முகம் சிவந்து வீடு திரும்புவார்கள்.

வயதான வெள்ளைக்காரத் தொழிலாளிகளுக்குச் சொல்லவே வேண்டாம். சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று கடற்காகம் ஆடிப்பாடும் விளம்பரம் 1981-இல் வந்தபோது அவர்கள் இளைஞர்கள். பனியனோடு கூரை போட்டவர்கள். இன்று ஒருவருக்குத் தோல் புற்றுநோயால் காது மடலில் ஒரு துண்டு இல்லை. இன்னொருவருக்கு மூக்கில் ஒட்டுத் தோல். நான் ஒட்டும் சுவரொட்டியை யாரும் படிப்பதில்லை. அந்தக் காதைப் பார்க்காதவர் இல்லை.

"அண்ணா, வெயிலிலேயே வளர்ந்த நமக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டான் புதிதாகச் சேர்ந்த மதுரைப் பையன். நியாயமான கேள்விதான். தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் நம்மை ஓரளவு காக்கிறது. வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நமக்குக் குறைவு. ஆனால் கண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை. கண்புரைக்கும், விழியின் வெண்பகுதியிலிருந்து சதை வளர்வதற்கும் புற ஊதாக் கதிர் ஒரு காரணம். புதுத் தகரக் கூரை கீழிருந்தும் கதிரைத் திருப்பி அடிக்கும். அவனிடம் களிம்பைவிடக் கண்ணாடிக்கே அதிகம் மல்லுக்கு நிற்கிறேன். ஊரில் 'கறுத்துவிடுவாய்' என்று வெயிலுக்குப் பயந்தோமே, அந்தப் பயத்தைத் தாராளமாக விட்டுவிடலாம்.

தோல் புற்றுநோயில் மெலனோமா என்னும் கொடிய வகை, கறுத்த தோலினருக்குப் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடத்தில்தான் வருகிறது. ஜமைக்கப் பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் வந்தது. 1981-இல், 36 வயதில் இறந்தார். இதற்குக் களிம்பு உதவாது. சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் வழி. எங்கள் தொழிலில் நகம் கறுத்தால் பூட்ஸ் நசுக்கியது என்று விட்டுவிடுவோம். அடிபட்ட கறுப்பு, நகம் வளர வளர முன்னே நகர்ந்து போய்விடும். நகராமல் நீளக் கோடாக நின்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆண்டுதோறும் தளத்துக்கு வரும் மருத்துவர் முகம், முதுகு, கை எல்லாம் பார்ப்பார்; காலுறை அவர் நினைவுக்கு வருவதில்லை. நானே கழற்றிக் காட்டிவிடுகிறேன். பையனையும் கழற்றச் சொல்லியிருக்கிறேன்.