பட்டு வயிற்று எறும்பு

அம்பாசமுத்திரத்தில் கடிகாரம் பழுது பார்க்கிறவன் நான். போன சித்திரையில் கோடை மழை பெய்த மறுநாள் காலை, கடைப் படியில் சிறகு உதிர்த்த ராணி எறும்பு ஒன்று ஓடியது. அதைப் பிடித்து வளர்க்க எடுத்துக்கொண்டேன். கண்ணாடிக் குழாயில் பாதி தண்ணீர், ஒரு பஞ்சு அடைப்பு, மிச்ச இடத்தில் ராணி. தீனி வைக்கவில்லை. சிறகுத் தசையைக் கரைத்தே அது முதல் பிள்ளைகளை வளர்த்துவிடும்.

கறுப்பு, பெரிசு. "கட்டெறும்புதாம்ல" என்றாள் ஆச்சி. நானும் அப்படியே சீட்டு எழுதி ஒட்டினேன்.

வேலைக்கார எறும்புகள் வந்ததும் கடிகார வேலைக்குக் கண்ணில் மாட்டும் உருப்பெருக்கியான ஐகிளாஸை மாட்டிப் பார்த்தேன். இடுப்பில் ஒரே கணு. சுருக்கென்று கொட்டும் செவ்வெறும்புக்கு இரண்டு கணு இருக்கும். கூட்டுப்புழுக்கள் பட்டுக்கூட்டுக்குள் இருந்தன. சரி, கட்டெறும்பு இனம்தான், அறிவியல் பெயர் காம்போனோட்டஸ். ஆனால் அந்த இனத்தில் எது? முதல் ஈட்டு எறும்புகள் எப்போதும் குட்டியாகத்தான் இருக்கும். அளவை வைத்து முடிவு சொல்லக் கூடாது.

முதுகைப் பக்கவாட்டில் பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. நம் வீட்டுக் கட்டெறும்புக்கு, அதாவது காம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸுக்கு, முதுகு ஒரே வளைவாக இறங்கும். இவற்றுக்கு நடுவில் ஒரு பள்ளம். ராணியின் முதுகு சிறகுக்காக வேறு மாதிரி அமைந்திருப்பதால் அதில் இது பிடிபடவில்லை. அப்புறம் விளக்கைச் சாய்த்தேன். பின்வயிறு முழுக்கப் பொன்னிற மயிர், படிய வாரிவிட்ட மாதிரி! காம்போனோட்டஸ் செரிசியஸ். 1798இல் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் வைத்த பெயர். செரிசியஸ் என்றால் லத்தீனில் பட்டுப் போன்றது.

இருந்தாலும் என்னை முழுதாக நம்ப வைத்தது அதன் நடைதான். தட்டில் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தேன். கண்டுபிடித்த எறும்பு கூட்டுக்குப் போய் ஒரே ஒரு துணையைக் கூட்டி வந்தது. பின்னால் வருவது முன்னதைக் கொம்பால் தட்டிக்கொண்டே வர, இரண்டும் ஒட்டி ஒட்டி நடந்தன. செரிசியஸுக்குப் பேர்போன பழக்கம் இது. பின்னதைத் தூரிகையால் மெதுவாக விலக்கினேன். முன்னது அப்படியே நின்றுவிட்டது. துணை திரும்பி வந்து தட்டுகிற வரை அசையவில்லை.

கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். முதலில் சீட்டை மாற்றி எழுதிவிட்டுத்தான் எழுந்தேன்.