கிண்டர், பிளீக்லோ, பிளாக் ஹில்: ஒரே நாளில்

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் இந்த மூன்று மலைகளையும் ஒரே நாளில் ஓடிக் கடப்பதுதான் திட்டம். ஈடேல் கிராமத்தில் கிளம்பும்போது இன்னும் விடியவில்லை. ஜேக்கப்ஸ் லேடர் ஏற்றத்தை நடந்தேதான் கடந்தேன். அங்கே ஓடிக் காட்டி யாருக்கு என்ன ஆகப்போகிறது? கிண்டர் ஸ்கவுட் 636 மீட்டர்தான். ஆனால் மேலே போனால் மலைமுகடு என்று ஒன்றும் தெரியாது. கண்ணுக்கெட்டிய வரை மேடும் பள்ளமுமான கரும்பழுப்புப் பீட் மண், அதாவது செடிகொடிகள் மக்கி உருவான சதுப்பு மண்.

கிண்டர் டவுன்ஃபாலில் மேற்குக் காற்று பலமாக வீசினால் அருவி மேல்நோக்கிப் பறக்கும். அன்றைக்கும் பறந்தது, நேராக என் முகத்துக்கே! தொப்பி, கையுறை எல்லாம் தொப்பல்.

மில் ஹில்லுக்கு அப்புறம் கற்பலகைப் பாதை. பழைய பஞ்சாலைகளின் தரையிலிருந்து பெயர்த்த கற்களும் இதில் உண்டு. சிலவற்றில் துளைகள்கூட இருக்கின்றன. ஈரத்தில் வழுக்கும் என்றாலும் சேற்றுக்கு இது எவ்வளவோ மேல்.

ஸ்னேக் பாஸ் சாலையைத் தாண்டி, வழி விலகி ஹையர் ஷெல்ஃப் ஸ்டோன்ஸ் போனேன். 1948 நவம்பர் 3 அன்று விழுந்த பி-29 விமானத்தின் எஞ்சின்கள் இன்னும் அங்கே கிடக்கின்றன. அதில் வந்த 13 பேரும் இறந்தார்கள். அங்கே வாட்சைப் பார்க்கத் தோன்றவில்லை.

பிளீக்லோ (633 மீட்டர்) மூடுபனியில், திசைகாட்டியை நம்பி. டார்சைடு நீர்த்தேக்கத்துக்கு இறங்கும் சரிவில் முழங்கால் கெஞ்சியது. பிறகு மறுபடி ஏற்றம், பிளாக் ஹில். பெயருக்குத்தான் கறுப்பு; வெறும் பீட் மண்ணாகக் கிடந்த நிலத்தை மறுசீரமைத்த பின் இப்போது புல் நன்றாகவே பிடித்திருக்கிறது. பாதி தூரம் நடைதான், சரி, இருக்கட்டும்.