பள்ளிக்கூடம் போகாத புனிதர்

பள்ளியில் எங்களுக்குக் கத்தோலிக்க சமயபாடம் எடுத்த குருவானவர், எங்கள் சுவாமியார், காலமான செய்தியை அறிவித்த பழைய மாணவர் சங்கச் செயலாளர், இம்மலருக்கு அவரைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டபோது, என் நினைவில் முதலில் எழுந்தவர் சுவாமியார் அல்லர். தம் திருநாளான ஜனவரி 17 தோறும் அவர் எங்கள் முன் கொண்டுவந்து நிறுத்திய வனத்து அந்தோனியார். இவரைக் கோடி அற்புதராகிய பதுவை அந்தோனியாரோடு குழப்பிக்கொண்டவன் அன்றைய பாடம் முழுவதும் எங்கே நின்றான் என்பதை விடுதிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எகிப்தில் 251 அளவில் வசதியான குடும்பத்தில் பிறந்து, 356 இல் 105 வயதில் மறைந்த இத்தவசி, சிறு வயதில் மற்றப் பிள்ளைகளோடு சேர விரும்பாமல் எழுத்துப் படிக்க மறுத்துவிட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியாரே சொல்கிறார். இந்த இடத்தில்தான் நான் எழுந்து, "அப்படியெண்டால் சுவாமி, எங்களுக்கு ஏன் சோதினை?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. சுவாமியார் சிரிக்காமல் என் தவணை அறிக்கையை எடுத்து, கணிதத்தில் தொடங்கி ஒவ்வொரு புள்ளியாக உரத்து வாசித்துவிட்டு, "அந்தோனியார் படிப்பை ஒதுக்கினவர், உன்னைப் படிப்பு ஒதுக்கியிருக்குது" என்றார். அன்று விழுந்த 'வனத்தார்' என்ற பட்டப்பெயரால் இம்மலரின் வாசகர் சிலர் இன்றைக்கும் என்னைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள்.

பிற்காலத்தில் அந்த வரலாற்றை நானே வாசித்தபோது, படிப்பறிவில்லாதவர் என்று ஏளனம் செய்ய வந்த மெய்யியலாளரிடம் அந்தோனியார், மனம் முந்தியதா எழுத்து முந்தியதா என்று கேட்டு, மனம்தான் என்று அவர்களையே சொல்லவைத்து, மனம் செம்மையாக உள்ளவனுக்கு எழுத்து எதற்கு என்று வாயடைத்த பகுதியைக் கண்டேன். அதைச் சுவாமியார் எங்களுக்கு ஒருபோதும் சொன்னதில்லை. அவர் நிலையில் இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் கதை சொல்வதில் அவருக்கு நிகர் அவரே. கல்லறைக்குள் பேய்கள் அடித்துப் போட்டதையும், பாழடைந்த கோட்டையில் 20 ஆண்டுகள் அடைந்து கிடந்தவர் மெலியாமலும் கொழுக்காமலும் வெளியே வந்ததையும் அவர் கைகளாலேயே நடித்துக் காட்டுவார். இன்னொரு பாலைவனத் தவசியான வனத்துச் சின்னப்பருக்கு 60 ஆண்டுகளாகப் பாதி அப்பம் கொண்டுவந்த காகம் அந்தோனியார் அவரைப் பார்க்கப் போன அன்று முழு அப்பத்தோடு வந்ததும், யார் அதைப் பிட்பது என்று இரு கிழவர்களும் பொழுது சாயும்வரை உபசாரம் பேசிக்கொண்டிருந்ததும், சின்னப்பர் இறந்தபின் இரண்டு சிங்கங்கள் குழி தோண்டியதும் ஜெரோம் எழுதியவை, அத்தனாசியார் எழுதியவை அல்ல என்று பிரித்துச் சொல்லும் நேர்மையும் அவரிடம் இருந்தது.

ஓரிடத்தை மட்டும் அவர் வேகமாகக் கடந்துவிடுவார். பெற்றோர் இறந்தபின், உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்ற நற்செய்தியைக் கோயிலில் கேட்ட அந்தோனியார், 300 அரூரா, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கர் விளைநிலத்தை ஊராருக்குக் கொடுத்தார். மற்ற உடைமைகளை விற்ற பணத்தில் தங்கைக்கென்று சிறிது வைத்தார். பிறகு, நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்ற வசனம் காதில் விழ, அதையும் கொடுத்துவிட்டுத் தங்கையைக் கன்னியர் பொறுப்பில் விட்டுப் புறப்பட்டார். சுவாமியாருக்கும் தீவுப்பகுதியில் மணமாகாத தங்கை ஒருத்தி இருந்ததை நாம் எல்லோரும் அறிவோம்.

அந்தோனியார் காணியைக் கொடுத்துவிட்டுப் பாலைவனம் போனார். 1980களில் நாங்கள் காணியை விற்று, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குக் கொடுத்துவிட்டு ரொறன்ரோ வந்தோம். எங்களிடம் இருந்தது நான்கு பரப்பு, அதாவது கால் ஏக்கர், அதுவும் தங்கையின் சீதனத்துக்கென்று அப்பு ஒதுக்கியது. அந்தோனியார் நெடுங்காலம் கழித்துத் தம் தங்கையை மற்றக் கன்னியருக்குத் தலைவியாக, முதியவளாகக் கண்டு மகிழ்ந்தார் என்று அத்தனாசியார் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். அவள் என்ன சொன்னாள் என்பது அதில் இல்லை. என் தங்கை சொன்னது எனக்குத் தெரியும். காணி விற்ற உறுதிப்பத்திரம் எழுதிய அன்று, "அண்ணை, கிணத்தடிப் பக்கத்தை மட்டும் விடுங்கோ" என்றாள். ஏஜென்சிக்காரன் நான்கு பரப்புக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருந்தான்.